ஐந்து கோடும் நிறைந்திருந்தது, சத்தம் மட்டும் கிழிந்தது: ஒரு ரிசீவருக்கு ஆன்டெனா போட்ட நிகழ்வு ஆய்வு

எங்கள் வீட்டு ரிசீவர், அதாவது ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒன்றாக இருக்கும் பெட்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சிடி போட்டால் குறை சொல்ல ஒன்றுமில்லை, டிவி சத்தமும் கணீரென்று இருக்கும். ரேடியோ பக்கம் திருப்பினால்தான் வேலையைக் காட்டும். சுமார் 20 கிலோமீட்டரில் ஒரே கோபுரத்திலிருந்து வரும் நாலு எஃப்எம் நிலையங்களில், சிக்னல் கோடு ஐந்தும் நிறைந்து நிற்கும்போதே, செய்தி வாசிப்பவர் ‘ஸ்’ சொல்லும் இடமெல்லாம் தகரத்தைக் கீறுவது போலக் கிழியும். வேறு திசையில் 55 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஐந்தாவது நிலையம், நான் உண்மையில் கேட்க ஆசைப்பட்டது அதைத்தான், அடைமழைக்குப் பின்னால் யாரோ பாடுவது போல வரும். மத்திய அலை, அதாவது ஏஎம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே ‘ர்ர்ர்’.

மூன்றும் ஒரே நோய் என்று நினைத்தேன். ‘சிக்னல் பத்தவில்லை’, அவ்வளவுதான், பெரிய ஆன்டெனா போட்டால் தீர்ந்தது என்று. அந்த ஒரு நினைப்பால் ஒரு மாதம் போனது. கடைசியில் பார்த்தால் மூன்றுக்கும் காரணம் வேறு வேறு, மருந்தும் வேறு வேறு, அதில் ஒன்றுக்கு சிக்னலைக் குறைத்ததுதான் மருந்து.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் மாடி, கான்கிரீட் சுவர். மூலையில் டிவி ஸ்டாண்டு, அதன் கீழ்த்தட்டில் ரிசீவர், மேலே டிவி, பக்கத்தில் வைஃபை ரவுட்டர், பின்னால் ஒரு பிளக் பாக்ஸில் ஆறு அடாப்டர்கள். ரிசீவரின் முதுகில் எஃப்எம்முக்கு 75 ஓம் என்று எழுதிய திருகு வகை முனை ஒன்று, அதற்குக் கீழே ஏஎம்முக்கு அழுத்திச் செருகும் இரண்டு முனைகள். பழைய ரிசீவர்களில் 300 ஓம் என்று இரண்டு திருகாணியும் இருக்கும், என்னுடையதில் இல்லை. பெட்டியில் கூடவே வந்தவை இரண்டு: எஃப்எம்முக்கு ‘டி’ எழுத்து வடிவத்தில் ஒரு தட்டை ரிப்பன் கம்பி, ஏஎம்முக்கு பிளாஸ்டிக் சட்டத்தில் கம்பி சுற்றிய ஒரு லூப். வாங்கின அன்று நான் செய்தது, நிறையப் பேர் செய்வதுதான். ரிப்பனை ஸ்டாண்டுக்குப் பின்னால் தொங்கவிட்டு, தரையில் புரண்ட மீதியை அழகாகச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டேன். லூப்பை ரிசீவர் தலையிலேயே வைத்தேன்.

அந்த ரிப்பன் வெறும் இணைப்பு வயர் இல்லை, ‘டி’யின் தலைப்பகுதிதான் ஆன்டெனாவே. எஃப்எம் பட்டை 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. நடுவில் 98 என்று வைத்துக்கொண்டு 300ஐ அதால் வகுத்தால் அலைநீளம் சுமார் 3.06 மீட்டர், அதில் பாதி ஒன்றரை மீட்டர். டேப் வைத்து அளந்தேன், தலைப்பகுதி கிட்டத்தட்ட அதே ஒன்றரை மீட்டர்தான் இருந்தது. இரண்டு இணை கம்பிகளின் முனைகளை ஒன்றாகச் சேர்த்திருப்பார்கள், மடித்த டைபோல் என்று பெயர், சாதாரண டைபோல் என்றால் இரண்டு பக்கமும் நீட்டிய ஒற்றைக் கம்பி, அதன் மின்மறுப்பு சுமார் 73 ஓம், இதில் அது நாலு மடங்காகி 300க்குப் பக்கத்தில் நிற்கும். அதை 75 ஆக்கத்தான் நுனியில் கட்டைவிரல் பருமனில் ஒரு பேலன் இருக்கிறது, பார்க்க சும்மா ஒரு பிளக் போலத் தெரியும், உள்ளே குட்டி டிரான்ஸ்ஃபார்மர். இப்படி அளந்து செய்த ஒன்றைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டால் அது ஆன்டெனா இல்லை, வயர் மூட்டை.

சரி, பிரித்து விரித்துச் சுவரில் காகித டேப்பால் ஒட்டினேன். தூரத்து நிலையத்தில் மழை கொஞ்சம் குறைந்தது. பக்கத்து நிலையங்களில் கிழிசல் அப்படியே இருந்தது, ஒன்றில் கூடிக்கூட விட்டது.

இங்கேதான் முதல் தப்பான முடிவு. கோபுரம் பக்கத்தில் இருக்கிறது, கோடு ஐந்தும் நிறைகிறது, ஆக சிக்னல் அளவுக்கு மீறி வந்து ரிசீவருக்குள் நிலையத்தைப் பிடிக்கும் டியூனர் திணறுகிறது என்று முடிவு கட்டினேன். நியாயமான சந்தேகம்தான், அதைச் சோதிக்கவும் எளிய வழி உண்டு: கேபிளுக்கும் ரிசீவருக்கும் நடுவே 10 டெசிபல் அட்டெனுவேட்டர் ஒன்றைத் திருக வேண்டும், சிக்னலைக் குறைக்கும், சுண்டுவிரல் நுனி அளவு உலோகத் துண்டு. டியூனர் திணறினால் அதைப் போட்டதும் சத்தம் தெளியும். போட்டேன். கோடு இறங்கியது. கிழிசல் ஒரு இழைகூட மாறவில்லை. ஆக, அது இல்லை.

என் மாமா ஒருவர் பல வருடம் ஹாம் ரேடியோவில் இருந்தவர். போன் போட்டேன்.

“மாமா, அஞ்சு கோடும் ஃபுல்லா இருக்கு, ஆனா ‘ஸ்’ வந்தா கிழியுது.”

“டேய், அந்தக் கோட்டுக்கு என்னடா தெரியும்? எவ்வளவு வருதுன்னுதான் சொல்லும், எத்தனை வழியா வருதுன்னு சொல்லாது. மோனோவுல போட்டுப் பாரு.”

மோனோவில், அதாவது இடது வலது பிரிக்காத ஒற்றை ஒலியில், போட்டேன். கிழிசல் முக்கால்வாசி அடங்கியது. “அப்போ எதிரொலிதான். பக்கத்துல பெரிய கட்டடம் ஏதாவது இருக்கா?” என்றார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கண்ணாடியும் இரும்புமாக ஒரு பன்னிரண்டு மாடி, தினமும் பார்க்கிற கட்டடம்தான், ஒரு நாளும் இதோடு முடிச்சுப் போட்டுப் பார்த்ததில்லை.

நடப்பது இது. கோபுரத்திலிருந்து அலை நேராக ஒரு வழியில் வருகிறது, அதே அலை கட்டடத்தில் முட்டித் திரும்பி இன்னொரு வழியில் வருகிறது. இரண்டாவது வழி ஒரு கிலோமீட்டர் சுற்று என்றால் சுமார் 3.3 மைக்ரோ செகண்டு தாமதம். காதுக்கு அது ஒன்றுமே இல்லை, ஆனால் எஃப்எம்மில் ஒலி முழுவதும் அலைவெண்ணின் ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது, தாமதமான நகல் மேலே விழும்போது அந்த ஏற்ற இறக்கம் கோணிப்போகிறது. ஸ்டீரியோவில் அடி இன்னும் பலமாக விழும், ஏனென்றால் இடது வலது வித்தியாசத்தைச் சுமக்கும் பகுதி 38 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி, உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதைப் பிரித்தெடுக்க வழிகாட்டும் 19 கிலோஹெர்ட்ஸ் பைலட்டும் கூடவே கலங்கும். மோனோ போட்டால் அந்த மேல்பகுதியை ரிசீவர் தொடுவதே இல்லை, அதனால்தான் அடங்கியது. இரண்டு அலையும் சேர்ந்து மொத்தம் பலமாக இருந்தால் கோடு ஐந்தும் எரியத்தான் செய்யும், அதற்கு நேர் வழியும் தெரியாது, முட்டி வந்ததும் தெரியாது.

டைபோலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதன் இரண்டு பக்கவாட்டிலிருந்து வருவதைப் பிடிக்கும், இரண்டு நுனி பார்க்கும் திசையிலிருந்து வருவதைக் கிட்டத்தட்ட விட்டுவிடும். நான் ஒட்டியிருந்த சுவரில் ரிப்பனின் பக்கவாட்டு அந்தக் கட்டடத்தைப் பார்த்து நின்றது. வா வா என்று எதிரொலியை அழைத்தது நான்தான்.

டேப்பைப் பிய்த்து, ரிப்பனை ஒரு நீளப் பிளாஸ்டிக் குழாயில் கட்டி, குழாயைக் கையில் பிடித்தபடி அறை நடுவில் நின்று மெல்லச் சுற்றினேன். (கம்பியைத் தொட்டுக்கொண்டே செய்தால் ஏமாந்துவிடுவோம். கை பட்டால் தெளியும், விட்டால் கெடும், நம் உடம்பும் ஆன்டெனாவோடு சேர்ந்துவிடுவதுதான் காரணம், அதனால்தான் குழாய்.) ஒரு நுனி கட்டடத்தைச் சரியாகக் குறிவைத்த இடத்தில், செய்தி வாசிப்பவரின் ‘ஸ்’ யாரோ இஸ்திரி போட்டது போல நேரானது. ரிசீவரைத் திரும்பிப் பார்த்தேன், கோடு நாலுதான். ஐந்தில் கிழிந்தது, நாலில் சுத்தம். கோபுரம் அந்தக் கட்டடத்திலிருந்து ஏறத்தாழ 60 பாகை விலகிய திசை, டைபோல் அந்தக் கோணத்தில் கணக்குப்படி இழப்பது இரண்டு டெசிபலுக்குள்தான், பக்கத்துக் கோபுரத்துக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

திசை மட்டும் போதாது, இடமும் வேண்டும். அறைக்குள் சுவருக்குச் சுவர் அலை முட்டிக்கொண்டு இருப்பதால் ஓர் இடத்தில் பலமாகவும், அங்கிருந்து முக்கால் மீட்டர் தள்ளினால் பலவீனமாகவும் இருக்கலாம், கால் அலைநீளக் கணக்கு அது. குழாயோடு அங்குலம் அங்குலமாக நகர்ந்து, கடைசியில் திரைச்சீலைக் கம்பிக்கு மேலே, சாய்வாக, பார்க்கக் கொஞ்சம் அசிங்கமாக ஓர் இடம் கிடைத்தது. திரைச்சீலைக் கம்பி உலோகம், அதை ஒட்டி வைத்தால் எல்லாம் கெடும், ஒரு சாண் இடைவெளி விட்டேன். சுவரில் பென்சிலால் இரண்டு புள்ளி, வெள்ளையடிக்கும்போது தொலைந்துவிடக் கூடாது என்று.

முதல் நோய் இத்தோடு தீர்ந்தது. செலவு, ஒரு குழாயும் டேப்பும்.

தூரத்து நிலையம் வேறு மாதிரி. அங்கே கிழிசல் இல்லை, வெறும் இரைச்சல், மோனோவில் போட்டால் பளிச்சென்று அடங்குகிறது. இது உண்மையிலேயே சிக்னல் பத்தாத கேஸ். அதே நிலையம், அதே ரிசீவர், ஸ்டீரியோவில் அதே அளவு சுத்தம் வேண்டுமென்றால் மோனோவைவிட சுமார் 20 டெசிபல் கூடுதல் சிக்னல் வேண்டும், அதாவது நூறு மடங்கு சக்தி. பேச்சு நிகழ்ச்சிதான் கேட்கிறீர்கள் என்றால் ரிமோட்டில் மோனோவை அழுத்திவிட்டு வேறு வேலை பார்க்கலாம், இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. எனக்கும் பிடிக்கவில்லை, எனக்கு வேண்டியது பாட்டு.

எட்டுமா என்று பார்க்க ஒரு எளிய கணக்கு: இரண்டு ஆன்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, இரண்டின் வர்க்கமூலத்தையும் கூட்டி, 4.12ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம், அதாவது பூமியின் வளைவு மறைக்காமல் அலை எட்டும் தூரம், கிலோமீட்டரில் வரும். அவர்கள் கோபுரம் 150 மீட்டர், என் கூரை 9 மீட்டர் என்று எடுத்தால் 12.25ம் 3ம் சேர்ந்து 15.25, விடை சுமார் 63. 55 கிலோமீட்டர் அதற்குள் அடங்குகிறது. இரண்டாம் மாடி அறைக்குப் போட்டாலும் 60 வருகிறது, ஆக உயரம் இல்லை பிரச்சினை, நடுவில் இருக்கும் கான்கிரீட்டும் அதற்குள் இருக்கும் இரும்புக் கம்பியும்தான். ஆன்டெனா வெளியே போயாக வேண்டும்.

போவதற்கு முன் ஒரு குறுக்கு வழி பார்த்தேன், அது இரண்டாவது தப்பு. மின்சாரத்தில் ஓடும் உட்புற ஆன்டெனா ஒன்று, உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் உண்டு. செருகியதும் தூரத்து நிலையத்துக்குக் கோடு ஐந்தானது, இரைச்சலும் கூடவே ஐந்து மடங்கானது. அதோடு புதுக் கூத்து ஒன்று: பட்டையில் நிலையமே இல்லாத இடங்களில் பக்கத்து நிலையங்கள் கலவையாகப் பேச ஆரம்பித்தன. ஆம்ப்ளிஃபையர் பலமான சிக்னலில் திணறினால் அவற்றை ஒன்றோடு ஒன்று கலந்து இல்லாத நிலையங்களைப் பெற்றுப் போடும். 98.0இலும் 94.5இலும் இரண்டு பலமான நிலையங்கள் இருந்தால், 98இன் இரட்டிப்பிலிருந்து 94.5ஐக் கழித்து 101.5இல் ஒரு பேய் எழும். சுவருக்குள் நுழையவே முடியாத சிக்னலை உள்ளே உட்கார்ந்து பெருக்கி என்ன பிரயோஜனம், இரைச்சலும் சேர்ந்துதான் பெருகும். கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

டிவி ஆன்டெனா கேபிளிலிருந்து ஸ்பிளிட்டர் போட்டு எடுக்கவும் பார்த்தேன். வரவே இல்லை. டிவி ஆன்டெனாவோடு வரும் பல ஆம்ப்ளிஃபையர்களில் எஃப்எம்மை வேண்டுமென்றே வெட்டும் வடிகட்டி இருக்கும், என் ராசிக்கு அதுவும் இருந்தது.

அப்புறம் ஒழுங்காக மூன்று தண்டு யாகி ஒன்றை, ஒரு திசையைக் குறிவைத்துப் பிடிக்கும் ஆன்டெனா, எஃப்எம்முக்கு என்றே செய்தது, கூரையில் ஏற்றினேன். டைபோலைவிட 5, 6 டெசிபல் கூடுதலாகத் தரும், பின்னாலிருந்து வருவதையும் கொஞ்சம் தள்ளிவிடும். கம்பம் நிறுத்தும்போது ஒன்றே ஒன்றில் பிடிவாதமாக இருந்தேன்: கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடக் கூடாது. கம்பத்துக்கு எர்த் போட எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன், ரிசீவர் முதுகில் ஏஎம் முனைக்குப் பக்கத்தில் ‘கிரவுண்டு’ என்று எழுதியிருப்பதை நம்பி அதில் கொண்டுபோய்க் கட்டுவது அல்ல இடிதாங்கி வேலை. அது இரைச்சலைக் குறைக்க மட்டும்.

கேபிள், ஆர்ஜி-6, 12 மீட்டர். 100 மெகாஹெர்ட்ஸில் இவ்வளவு நீளத்துக்கு ஒரு டெசிபல்கூடப் போகாது, அதனால் கேபிளைப் பற்றி யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்க வேண்டாம். பயப்பட வேண்டியது நுனிக்கு.

எல்லாம் முடித்து ஆசையாகக் கீழே வந்து போட்டால், தூரத்து நிலையம் சுத்தமாகக் காணோம். பக்கத்து நிலையங்கள் மட்டும் மெலிந்து வருகின்றன. மல்டிமீட்டரை எடுத்து கேபிளின் நடுக்கம்பிக்கும் வெளிவலைக்கும் வைத்தேன், ‘பீப்’ என்று கத்தியது, ஷார்ட். கண்டுபிடித்துவிட்டேன் என்று கீழே இருந்த கனெக்டரை வெட்டிப் புதிதாகப் போட்டேன். மறுபடி வைத்தால் மறுபடி ‘பீப்’. இன்னொன்றையும் வெட்டினேன். மூன்றாவது முறைதான் உறைத்தது: மேலே இருப்பது மடித்த டைபோலும் பேலனும், நேர்மின்னோட்டத்துக்கு அதுவே ஷார்ட் போலத்தான் தெரியும், கேபிள் நன்றாக இருந்தாலும் மீட்டர் கத்தும். மேல் நுனியைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் விட்டநிலையில் அளந்தால்தான் உண்மை தெரியும். கழற்றினேன். அப்போதும் கத்தியது, ஆக ஷார்ட் உண்மைதான், ஆனால் நான் இரண்டு தடவை வெட்டிய கீழ் நுனியில் இல்லை. மேல் கனெக்டரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வெளிவலையிலிருந்து பிரிந்த ஒரே ஒரு இழை, தலைமயிர் கனம்தான் இருக்கும், வெள்ளைக் காப்பின் மேலே வளைந்து வந்து நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டு இருந்தது. நகத்தால் நிமிண்டி எடுத்தேன். மூன்று தண்டு, கம்பம், எர்த், இவ்வளவையும் செல்லாக்காசாக்கியது அந்த ஒரு இழை.

அன்று சாயங்காலம் தூரத்து நிலையம் ஸ்டீரியோவில், பின்னணியில் லேசான மூச்சு போன்ற இரைச்சலோடு, உட்கார்ந்து கேட்கிற மாதிரி வந்தது. யாகியின் முனை மழையில் நனையாமல் இருக்க ரப்பர் டேப் சுற்றி, கேபிள் சுவருக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விட்டேன், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ரிசீவருக்கு எஃப்எம் முனை ஒன்றுதான், அதனால் இப்போதைக்கு ரிப்பனா யாகியா என்று ஒரு சிறிய ஸ்விட்ச் வைத்திருக்கிறேன்.

ஏஎம் கதை சுருக்கம். அங்கே எதிரி தூரமும் இல்லை, கட்டடமும் இல்லை, வீட்டுக்குள் இருக்கும் அடாப்டர்கள். ஒரு சின்ன பேட்டரி ரேடியோவை நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு மோப்ப நாய் போல வீட்டைச் சுற்றினேன். ரவுட்டரின் அடாப்டர் பக்கம் ‘ர்ர்ர்’, ஒரு செல்போன் சார்ஜர் பக்கம் அதைவிடக் கொடூரம், மாடிப்படியில் ஓர் எல்ஈடி விளக்கு எரிந்தால் வீடு முழுக்க. லூப் இவை எல்லாவற்றுக்கும் நடுவில், ரிசீவர் தலை மேல் இருந்தது. ஒன்றரை மீட்டர் தள்ளி ஜன்னல் ஓரம் கொண்டுபோய், லூப்பின் வயரை முறுக்கி, சட்டத்தை நிற்கவைத்துத் திருப்பினேன். லூப்பின் விளிம்பு பார்க்கும் திசையிலிருந்து நன்றாக எடுக்கும், அதன் முகம் பார்க்கும் திசையில் காது கேட்காது, ரிப்பனோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். முகத்தை டிவி ஸ்டாண்டு பக்கம் காட்டியதும் ‘ர்ர்ர்’ பாதிக்கு மேல் போய்விட்டது.

ஆனாலும் நிலையங்கள் கரகரப்பாகவே வந்தன, ஏதோ ஓரமாக நிற்பது போல. ரிசீவர் வேறு நாட்டிலிருந்து வந்த பழைய சரக்கு, ஏஎம் படி, அதாவது டியூன் செய்யும்போது ஒரு தாவலில் நகரும் அளவு, 10 கிலோஹெர்ட்ஸில் இருந்தது. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கும். 747 கிலோஹெர்ட்ஸ் நிலையத்துக்கு 740 அல்லது 750தான் கிடைக்கும், 3 கிலோஹெர்ட்ஸ் தள்ளியே கேட்டுக்கொண்டிருப்போம். கையேட்டில் சொன்ன இரண்டு பொத்தான்களை அழுத்திக்கொண்டே ஆன் செய்ததும் 9க்கு மாறியது, சேமித்து வைத்த நிலையங்கள் எல்லாம் அழிந்தன. மாற்றின பிறகு எஃப்எம்மிலும் பாட்டின் மேல்சுருதி கொஞ்சம் திறந்த மாதிரி இருந்தது, அதற்கும் காரணம் உண்டு: டீ-எம்ஃபசிஸ், அதாவது ஒலிபரப்பில் தூக்கி அனுப்பிய மேல்சுருதியை ரிசீவர் திரும்ப இறக்கும் அளவு, அமெரிக்கா பக்கம் 75 மைக்ரோ செகண்டு, மற்ற பெரும்பாலான இடங்களில் 50, என் ரிசீவரில் இரண்டும் ஒரே அமைப்பில் மாறுகின்றன போலிருக்கிறது. மாடிப்படி விளக்குக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை, ஏஎம் கேட்கும்போது அதை அணைத்துவிடுகிறோம்.

யாகி ஏறி சில வாரம் கழித்து ஒரு விடியற்காலை, காற்றே இல்லாத புழுக்கம், தூரத்து நிலையத்தைப் போட்டால் அதே அலைவரிசையில் எனக்குப் புரியாத ஒரு மொழியில் யாரோ தெளிவாகச் செய்தி வாசிக்கிறார்கள். இரைச்சல் இல்லை, கலவை இல்லை, என் நிலையம் இருந்த சுவடே இல்லை. மறுபடி அந்த இழைதான் என்று நேரே கூரைக்குப் போய்க் கனெக்டரை வெட்டி எடுத்து வந்தேன். மாமா போனில் சிரித்தார். மேலே சூடான காற்று, கீழே குளிர்ந்த காற்று என்று அடுக்கு விழுந்தால் அலை அதற்கு நடுவே குழாயில் போவது போல நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும், எஃப்எம் ரிசீவர் இரண்டில் பலமானதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும், அவ்வளவுதான் விஷயம் என்றார். புதுக் கனெக்டர் போட்டு முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது, ரிசீவரில் பழையபடி என் நிலையம்.